ஆணிவாயன் சம்சாரத்தின் தாடை

ஆணிவாயன் கடையில் பேச்செல்லாம் அவன் சம்சாரம்தான். அவன் ஊமையில்லை. வாய் நிறைய ஆணி இருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு நாற்காலிச் சட்டம் அடிக்கிற வேலை. என் பட்டறைக்கும் அவன் கடைக்கும் நடுவில் பலகைத் தட்டி ஒன்று உண்டு. அதிலும் கீழ்ப்பலகை ஒன்று போய்விட்டதால் ஒரு பூனை இரண்டு பக்கமும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. நான் சட்டம் அடித்துத் தள்ளினால் அவன் அதற்குப் பட்டை இழுத்து, ஸ்பிரிங் கட்டி, ஃபோம் வைத்து, துணி போர்த்தி சோபா ஆக்குவான். அடிப்பக்கத்துக்குக் காற்றுத் துப்பாக்கி வைத்திருக்கிறான். தட்தட் என்று பின் அடித்துவிடும். மேல்பக்கத்துக்கு ஆணிதான். துணி கோணலாகப் போனால் ஆணியைப் பிடுங்கி மறுபடி இழுத்து அடிக்கலாம். துப்பாக்கி அடித்த பின்னைப் பிடுங்கினால் துணியும் கூடவே வரும்.

துணியை இழுத்துப் பிடிக்க ஒரு கை, சுத்திக்கு ஒரு கை. மூன்றாவது கை மனுஷனுக்குக் கிடையாது. அதனால் ஆணி வாய்க்குள் போய்விடும். நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி, ஆணித்தலை வெளியே பார்க்கும்படி உதட்டுக்குக் கொண்டுவருவான். சுத்தி முனையில் காந்தம். உதட்டில் சுத்தியைத் தொட்டால் ஆணி ஒட்டிக்கொண்டு வரும். மெதுவாக ஒரு தட்டு, ஓங்கி ஒன்று. சின்ன வயதிலிருந்து இதே வேலை.

அவள் முன்பக்கம் மேஜையில் துணி வெட்டுவாள், மெஷினில் உறை தைப்பாள், வருகிறவர்களிடம் பேரம் பேசுவாள். ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் திரும்பி, ஆணியைத் துப்புங்கள், ஒருநாள் அந்தத் தாடை துருப்பிடித்துக் கழன்று விழும், நான் அதைப் பொறுக்கி எடுக்க மாட்டேன் என்பாள். அவன் ம் என்பான். அதற்குமேல் சொல்ல வழியில்லை. இது தினமும் நடக்கும். எனக்குத் தட்டிக்கு இந்தப் பக்கம் அதுதான் ரேடியோ.

கடைசியில் தாடை வீங்கியது அவளுக்கு.

இடது பக்கம், கடைவாய்ப் பல்லுக்குக் கீழே. முதலில் யாருக்கும் தெரியவில்லை. கழுத்தில் ஒரு பருத்தித் துண்டைச் சுற்றி மேலே இழுத்துவிட்டிருந்தாள். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இத்தனை வருஷம் ஒத்துக்கொண்ட பஞ்சு திடீரென்று ஏன் முறைத்துக்கொண்டது என்று நான் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் கத்திரியைத் துடைத்தாள். அவள் பதில் சொல்லாத அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வலி இல்லை. அதுதான் கெடுத்தது. வலித்திருந்தால் உடனே போயிருப்பாள். பல் இரண்டு ஆட ஆரம்பித்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராமல் போன பிறகுதான் தெரு முனையில் இருக்கும் பல் டாக்டரிடம் போனாள். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லைப் பிடுங்க மாட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்தப் படத்தை நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கெட்டியாக வெள்ளையாக இருக்கவேண்டிய எலும்பு, சோப்பு நுரை மாதிரி குமிழி குமிழியாக இருந்தது. நான் மரத்தில் வேலை செய்கிறவன். உள்ளே பூச்சி அரித்த மரம் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். பாசத்தில் போனேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அவன் யார் எதைச் சொன்னாலும் ம் என்று தலையாட்டுகிறவன். அங்கே எதற்காவது தலையாட்டிவிடுவான் என்றுதான் போனேன்.

தாடை டாக்டர் ஒரு பெண். எங்கள் கண்ணைப் பார்த்துப் பேசினார். அதை வைத்து நான் ஒருவரை நம்பிவிட மாட்டேன். என் பட்டறைக்கு மரம் கொண்டுவந்து ஏமாற்றியவன்கூடக் கண்ணைப் பார்த்துத்தான் பேசினான். அவர் இவள் வாய்க்குள் மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அது வந்த பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னார். பல் முளைக்கிற காலத்தில் பல்லுக்குக் கூடு கட்டும் உயிரணுக்கள் உண்டு. வேலை முடிந்ததும் அவை அடங்கிப் போய்விடவேண்டும். இவளுக்குத் தாடைக்குள் கொஞ்சம் மிச்சம் நின்று, இப்போது பெருக ஆரம்பித்திருக்கிறது. இந்தக் கட்டி பெரும்பாலும் சாது. ஆனால் எடுத்த சதையில் ஒரு ஓரத்தில் அணுக்கள் கொஞ்சம் கோபமாகத் தெரிகின்றன. அது கெட்ட கட்டியாகவும் இருக்கலாம். அதனால் அந்தச் சதையை இன்னொரு பெரிய டாக்டர் பார்க்கவேண்டும், அணுவுக்குள்ளே என்ன மாறியிருக்கிறது என்று தனியாக ஒரு பரிசோதனையும் செய்யவேண்டும்.

நான் கேட்டேன், சாது என்றால் சும்மாதானே இருக்கவேண்டும், இது எலும்பையே தின்றிருக்கிறதே என்று. இந்தச் சாது அப்படித்தான், உடம்பு முழுக்க ஓடாது, இருக்கிற இடத்தில் தின்றுகொண்டே இருக்கும் என்றார். மிச்சம் வைத்தால் திரும்ப வரும். அதனால் வழக்கமாகத் தாடையில் அந்தப் பக்கத்தையே வெட்டி எடுத்துவிட்டு, கால் எலும்பை எடுத்து அங்கே வைப்பார்களாம்.

"சாதுன்னாலும் தாடை போகும், கெட்டதுன்னாலும் தாடை போகும். அப்புறம் என்னம்மா வித்தியாசம்?"

"உயிர்தான் வித்தியாசம், பெரியவரே."

ஆணிவாயன் அந்த நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மட்டும் ஒன்று கேட்டாள். பேச வருமா என்று. கொஞ்ச நாள் கஷ்டம், பிறகு பழகிவிடும், முன்னே மாதிரி இருக்குமா என்று இப்போது சொல்லமுடியாது என்றார் டாக்டர். அவள் துண்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பரிசோதனை வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஒரே மகளைக் கல்யாணம் செய்து வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள். மகளுக்குத் தெரியக்கூடாது என்று எங்களுக்குச் சம்சாரத்தின் உத்தரவு. மகள் ஃபோனில் கூப்பிட்டால் பல்லில் வீக்கம் என்று சொல்லி வைத்துவிடுவாள்.

அந்த வாரங்களில்தான் தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தம் மாறியது. முதலில் ரேடியோ நின்றது. அவள் வாயைப் பாதி திறந்து, வேண்டியதை மட்டும் பேசினாள். பேரத்துக்கு வந்தவர்கள் தாங்கள் கேட்ட விலைக்கே வாங்கிப்போனார்கள். பிறகு சுத்திச் சத்தமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு தட்டு, ஓங்கி ஒன்று, உடனே அடுத்த தட்டு என்று நாள் முழுக்க ஓடும் சத்தம். இப்போது ஒன்று அடிப்பான், சும்மா இருப்பான், தகர மூடி குலுங்கும், மறுபடி ஒன்று அடிப்பான்.

எட்டிப் பார்த்தேன். டப்பா மூடி ஒன்றில் ஆணியைக் கொட்டி, பக்கத்தில் வைத்து, குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். வாய் காலி. பொறுக்கக் கையை எடுக்கும்போது துணி தளர்ந்துவிடுகிறது. அவன் போர்த்திய சோபாவில் சுருக்கம் விழுந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டைவிரல் நகம் வேறு கறுத்துக் கிடந்தது.

வாய் காலியாக இருந்ததால் வாடிக்கையாளர்கள் அவனிடமே பேசினார்கள். அவனுக்கோ பழக்கமில்லை. ஒரு அம்மா, இந்தத் துணி அழுக்குத் தெரியாமல் உழைக்குமா என்று கேட்டதற்கு, தெரியும் என்றான். உழைக்கும் என்றா, அழுக்குத் தெரியும் என்றா? அந்த அம்மா போய்விட்டாள். முன்பக்கம் மெஷினில் இருந்த சம்சாரத்துக்கு அது கேட்டது. தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா, முதுகை வைத்து என்னால் சொல்லமுடியவில்லை.

சாப்பாட்டிலும் அப்படித்தான். அவளுக்குக் கஞ்சியும் குழைய வேகவைத்ததும்தான். அவனும் அதையே குடித்தான். உனக்கென்னடா, உன் பல் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். இரண்டு விதமாகச் சமைக்கவேண்டாம் என்றான். சமைக்கிறதே அவன்தான்.

ஒருநாள் மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது என் பட்டறைக்கு வந்தான். ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்தான். நான் இழைப்புளி தள்ளிக்கொண்டே இருந்தேன். மரச்சுருளைக் காலால் தள்ளிவிட்டான், பூனையைப் பார்த்தான், எழுந்து மறுபடி உட்கார்ந்தான்.

"அண்ணே, இந்தத் துரு இருக்குல்ல."

"இருக்கு."

"அது ஒருத்தர் வாயில இருந்து இன்னொருத்தர் வாய்க்குப் போகுமா?"

"எச்சில் டம்ளர்ல தண்ணி குடிச்சாவா?"

"தண்ணி..." என்றான். அப்புறம் பூனையிடம் சொல்வதுபோல, "தண்ணி மட்டும் இல்லண்ணே" என்றான்.

நான் இழைப்பதை நிறுத்தினேன். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது, தலை பாதி வெளுத்துவிட்டது, காது சிவக்க உட்கார்ந்திருக்கிறான். அவன் வாயில் நாளெல்லாம் இரும்பு, சில நாள் துரு. வாயில் ஆணி போடாத அவளுக்குத் தாடை அரித்துப்போனால் அந்த விஷம் வேறு எந்த வழியில் போயிருக்கும்? இத்தனை வருஷம் அவள் திட்டியது அவன் தாடையை. விழுந்தது அவள் தாடை. இதைத்தான் அவன் ராப்பகலாகப் போட்டு அரைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்வதற்கு ஊரில் ஆள் இருக்கிறது, நான் எதற்கு? டாக்டரம்மாவைக் கேள் என்றேன். அய்யோ, அதையெல்லாம் எப்படிக் கேட்கிறது என்று எழுந்து போய்விட்டான்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. அவன்தான் எடுத்தான். ம் என்றான், இன்னொரு ம், வைத்துவிட்டான். சுத்தியைக் கீழே வைத்து அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். நான் தட்டியைச் சுற்றி ஓடினேன்.

"பாசிட்டிவ்வாம் அண்ணே."

எந்தப் பரிசோதனையிலும் அந்த வார்த்தை வந்தால் வியாதி இருக்கிறது என்று அர்த்தம். அது படிக்காதவனுக்கும் தெரியும். அவள் வெட்டுமேஜையிலிருந்து திரும்பினாள். தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு, பல்லிடுக்கில் பேசினாள்.

"எதுக்குப் பாசிட்டிவ்வுன்னு கேட்டீங்களா?"

அவன் சுத்தியை எடுத்து மறுபடி கீழே வைத்தான்.

"சாதுங்கறதுக்குப் பாசிட்டிவ்வா, கெட்டதுங்கறதுக்குப் பாசிட்டிவ்வா? கேக்கலையா? இதுக்குத்தான் ஃபோன என்கிட்ட குடுங்கன்னு சொல்றது. ஆணி இருந்தாலும் ம், இல்லன்னாலும் ம்."

வலியோடு சொன்னாலும் அவ்வளவு நீளமாக அவள் பேசி நாளாகியிருந்தது. ஆனால் வெட்டிக்கொண்டிருந்த துணியைப் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டாள். அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் டாக்டரம்மா அறையில் உட்கார்ந்திருந்தோம். அவர் கணினியைப் பார்த்தார், ஒரு தாளைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார். நல்ல சேதியை இவ்வளவு நிதானமாகச் சொல்ல வருகிறவர்களை நான் பார்த்ததில்லை. அதனால் கெட்டதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"ரெண்டு பதில் வந்திருக்கு. ரெண்டும் வேற வேற. குழப்பிக்கக்கூடாது" என்று ஆரம்பித்தார். "முதல்ல, சதையைத் திரும்பப் பார்த்த டாக்டர் இது கெட்டது இல்லன்னு எழுதியிருக்கார். கோபமா தெரிஞ்ச இடம், மேல்பல் பட்டுப் பட்டுப் புண்ணான இடம். கட்டி சாதுதான்."

ஆணிவாயன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவள் மட்டும் அசையவில்லை. அப்போ பாசிட்டிவ்வுன்னது, என்றாள்.

அதற்கு டாக்டரம்மா கொஞ்ச நேரம் விளக்கினார். ஒவ்வொரு அணுவுக்குள்ளும் எப்போது பெருகவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறதாம். அந்த எழுத்தில் ஓரிடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறிப்போயிருக்கிறது. பெருகு என்கிற விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. அந்த மாற்றம் இந்தக் கட்டியில் இருக்கிறது என்பதுதான் பாசிட்டிவ். அப்படியானால் அது கெட்டதில்லையா என்று நான் மடக்கினேன். அவர் அசரவில்லை. இதே மாற்றம் சாதுக் கட்டியிலும் இருக்கும், சில கெட்ட கட்டியிலும் இருக்கும், நல்லதா கெட்டதா என்று இது சொல்லாது, எந்த மாத்திரைக்கு அடங்கும் என்று சொல்லும் என்றார். அந்த விளக்கை அணைக்க மாத்திரை இருக்கிறதாம். அதைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டால், தாடையை வெட்டாமல், வாய் வழியாகவே மிச்சத்தைச் சுரண்டி எடுத்துவிடலாம். எல்லாருக்கும் கேட்கும் என்று உறுதி இல்லை. புதுசாகச் செய்துபார்க்கிற வைத்தியம். ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் சேர்ந்தால் மாத்திரை சும்மாவே கிடைக்கும்.

சும்மா என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு எழுந்து போகத்தான் தோன்றும். எலிக்குக் கொடுத்துப் பார்த்தீர்களா, இல்லை இவள்தான் எலியா என்று கேட்டேன். அவள் என் கையைத் தட்டினாள். டாக்டரம்மா கோபப்படாமல், யார் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கேட்கவில்லை, காய்ச்சல் வரும், தோல் தடிக்கும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்காதவர்களைப் பற்றியும் சொன்னதால்தான் நான் வாயை மூடிக்கொண்டேன்.

வேற ஏதாவது கேக்கணுமா என்றார்.

ஆணிவாயன் தொண்டையைச் செருமினான். எழுந்து நின்றுவிட்டான்.

"டாக்டரம்மா. நான் சின்ன வயசுல இருந்து வாயில ஆணி வச்சு வேலை செய்யறவன். இரும்பு ஆணி. சிலது துருப்பிடிச்சிருக்கும். அந்த வாயோட நான்..." நின்றுவிட்டான். "அந்த வாயில இருந்து இவளுக்கு..." மறுபடி நின்றான்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. ஆணி யார் வாயில் இருந்தது, முழுங்கிவிட்டீர்களா என்று விசாரிக்க ஆரம்பித்தார். இவன் கழுத்து வரைக்கும் சிவந்து நிற்கிறான். வெளியே இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். நான்தான் சொன்னேன்.

"பொண்டாட்டிக்கு முத்தம் குடுத்துத்தான் இது வந்துச்சான்னு கேக்கறான்மா."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"இல்லைங்க ஐயா. இது ஒட்டற வியாதி இல்ல. துருவாலயும் வரல. அந்த எழுத்து ஏன் மாறுச்சுன்னு யாருக்கும் தெரியாது. நீங்க குடுத்தது எதுவும் இதுக்குக் காரணம் இல்ல."

அவன் உட்கார்ந்தான். துண்டில் முகத்தை மூடியிருந்த அவள் குலுங்கினாள். இந்தத் தடவை எனக்குச் சந்தேகமில்லை, சிரிப்புதான். சிரித்தால் தாடை வலிக்கிறது, ஒரு கையால் தாங்கிப் பிடிக்கிறாள், அப்பவும் நிற்கவில்லை.

"அதான் ஆணிய மூடியில வச்சு கோழி மாதிரி கொத்திக்கிட்டிருந்தீங்களா இத்தன நாளு?"

ம் என்றான். டாக்டரம்மாவும் அப்போதுதான் சிரித்தார். கதவு வரைக்கும் போன பிறகு கூப்பிட்டு, ஆணியால வரலைன்னுதான் சொன்னேன், ஆணியை வாயில் போடுங்கன்னு சொல்லவில்லை என்றார். சம்சாரம் அதை நன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் இன்னும் யோசித்துக்கொண்டேயிருந்தான். ஒரே ஒரு எழுத்துக்கு இவ்வளவா என்றான். அவள் சொன்னாள், அளவு அட்டையில் ஒரு மூலை நகர்ந்துபோனால் அதை வைத்து வெட்டுகிற உறையெல்லாம் அதே மூலையில் தப்பாகத்தானே வரும், நூறு வெட்டினாலும் நூறும் தப்பு.

"அட்டைய யாரு தப்பா வெட்டினது?"

"யாரும் இல்ல. கத்திரி வழுக்கும். பேசாம வாங்க."

மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் காய்ச்சல் தூக்கிப்போட்டது. அவன் கடையிலிருந்த ஃபோமையெல்லாம் கொண்டுபோய்ப் போர்த்தினான். தன்னையும் சோபா ஆக்கிவிடுவான் போலிருக்கிறது என்று அவள் என்னிடம் புகார் சொன்னாள். கையெல்லாம் தடித்தது. ஒருமுறை மாத்திரையை நிறுத்தி, குறைத்து, மறுபடி கொடுத்தார்கள். நிறுத்திய அன்றைக்கு, நான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். வீக்கம் குறைகிறது என்று அவன் சொன்னான். நான் நம்பவில்லை. ஆசையில் பார்க்கிறவன் கண் அப்படித்தான் சொல்லும். என் மட்டக்கோலை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் பார்வையாலே கோடு போட்டேன். என்ன அண்ணே, சட்டம் கோணலா இருக்கா என்றாள். முன்னைக்கு இப்போது நேராகத்தான் இருந்தது. நான் அதை வெளியே சொல்லவில்லை.

பிறகு எடுத்த படத்தில் நுரை வற்றி, ஓரத்தில் வெள்ளை எலும்பு கட்டியிருந்தது. அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மரம் ஒருமுறை அரித்தால் அரித்ததுதான். எலும்பு வேறு ஜாதி போலிருக்கிறது.

அறுவை வாய் வழியாகவே முடிந்தது. ஆடின பல் இரண்டும் போயின. கீழ் உதட்டில் ஒரு பக்கம் கொஞ்சம் மரத்துப்போயிருக்கிறது. டீ குடித்தால் ஒழுகுவது அவளுக்குத் தெரியாது, அவன் கண்ணைக் காட்டினால் துடைத்துக்கொள்வாள். வருஷம் தவறாமல் படம் எடுத்துப் பார்க்கவேண்டும், திரும்ப வராது என்று சத்தியம் செய்யமுடியாது என்று டாக்டரம்மா சொன்னார். சத்தியம் செய்திருந்தால் நான் அந்த அம்மாவை நம்பியிருக்க மாட்டேன்.

தாடை இருக்கிறது. காதிலிருந்து முகவாய் வரைக்கும், அவளோடதுதான்.

அவள் கடைக்குத் திரும்பி வந்த முதல் வாரம் மெதுவாகத்தான் பேசினாள். நான் இழைத்துக்கொண்டே காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை ஒரு தடித்த மனுஷர் பழைய சோபாவுக்கு விலை பேச வந்தார். இது சாதாரணத் துணி, எதற்கு இவ்வளவு கேட்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். அவள் முதலில் நிதானமாகச் சொன்னாள். அவர் குரலை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். சாதாரணத் துணி என்றால் நீங்களே உட்கார்ந்து பாருங்கள், இரண்டு மாதத்தில் எந்தப் பக்கம் கிழிகிறது என்று எனக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றாள். அந்த மனுஷர் சிரித்துவிட்டார்.

அந்த நேரத்தில் பின்பக்கம் சத்தம் மாறியது. தகர மூடி குலுங்கவில்லை. மெதுவாக ஒரு தட்டு, ஓங்கி ஒன்று. மெதுவாக ஒரு தட்டு, ஓங்கி ஒன்று. இடையில் நிற்கவே இல்லை.

அவள் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க. வாயில என்ன?"

தட்டு, ஓங்கி ஒன்று.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? உங்களத்தான். என்ன சொன்னாங்கன்னு கேக்கறேன். துப்புங்க அத. அந்தத் தாடை ஒருநாள் கழண்டு விழப்போகுது, நான் பொறுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

ம் என்றான் ஆணிவாயன். அதற்குமேல் சொல்ல அவன் வாயில் இடமில்லை.